முதல் டேங்க்

விருதம்பட்டுக்குக் கீழே, பாலாற்று ரயில் பாலத்தடியில்,
காலை ஐந்தேமுக்கால்.
மணல் அள்ளிய குழிகளுக்கு நடுவில்
கட்டாந்தரை ஒரு துண்டு.
நேற்றைய சூடு இன்னும் காலடியில் இருக்கிறது.

கார் என் முழங்கை நீளம்.
எஞ்சின் ஒரு எலுமிச்சம்பழம்.
அதற்காக இரண்டு வருஷம் சீட்டு கட்டினேன்.
எடுத்த மாதம் அம்மா கேட்டாள்,
"வளையலா, செயினா?"
"அலுமினியம்" என்றேன்.
அன்றைக்கு எனக்குச் சாம்பார் இல்லை.

கையேட்டில் ஒரு பக்கம்:
இருபது டிகிரிக்குக் கீழே போனால்
எஞ்சின் தலைக்கு ஃபாயில் சுற்றவும்.
அந்தப் பக்கத்தால் விசிறிக்கொண்டேன்.

எரிபொருள் ரோஸ் மில்க் நிறம்.
சத்துவாச்சாரி கூரியர்காரன் பயந்துபோய்
மூன்று நாள் அதை வேப்பமரத்தடியில் வைத்திருந்தான்.
மூடியைத் திறந்தால்
ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும்.

புகைக்குழாயை விரலால் அடைத்து
கயிற்றை மெல்ல இழுக்கிறேன்.
ரோஸ் நிறம் குழாயில் ஊர்ந்து வருகிறது,
நடுவில் ஒரு குமிழ்.
குமிழ் எனக்குப் பழக்கம்.
டயாலிசிஸ் வார்டில் ஒன்பது மெஷின்,
ரத்தம் போகிற வழியில்
ஒரு மணிக்காற்று இருந்தாலும் ஊரைக் கூட்டும்.
சுண்டினேன். போயிற்று.

குளோ பிளக்குக்கு மின்சாரம் கொடுத்து இழுத்தேன்.
இல்லை.
இழுத்தேன்.
புது பிஸ்டன் உச்சியில் முட்டும்போது
கீச்சென்று ஒரு முனகல், அவ்வளவுதான்.
பதினேழாவது இழுப்பில் கயிறு கல்லாய் நின்றது,
தேவைக்கு மேல் குடித்துவிட்டது.
பிளக்கைக் கழற்றிக் கவிழ்த்து உதறினேன்.
என் சுடிதார் முழுக்க ரோஸ் புள்ளி.

"இன்னாக்கா, மருந்து அடிக்கிற மிஷினா?"
ஸ்டம்ப் மூன்றையும் தோளில் சாத்திய பையன்,
அவன் பின்னால் ஒரு டீமே.

அப்போது பிடித்தது.
சொல்லிக்கொள்ளாமல்.
பாலத்தின் தூண்களில் மோதித் திரும்பும்
தகரக் குரல், நீலப் புகை,
பக்கவாட்டில் தெறிக்கும் எண்ணெய்.
பையன்கள் பந்தை மறந்தார்கள்.

ஆனால் முதல் டேங்க் முழுக்க
அது நின்ற இடத்திலேயே நின்று இரைய வேண்டும்.
இரண்டாவதில் நடக்கலாம்.
"எவ்ளோ ஸ்பீடு போவும்?"
"எண்பது."
"இப்போ?"
இப்போது ஒரு எருமை அதைத் தாண்டிப் போகிறது.

ஐந்தாம் படுக்கை குபேந்திரன் ஞாபகம் வந்தான்.
குடியாத்தம், நகைக்கடன் கிளார்க், இருபத்தாறு வயது.
முதல் நாள் இரண்டே மணி நேரம்,
பம்பைக் குறைத்துத்தான் ஓட்டினேன்.
"இவ்ளோ ஸ்லோவா? சீக்கிரம் ஓட்டி அனுப்புங்க மேடம்."
முதல் நாளே வேகமாய்க் கழுவினால்
மூளை வீங்கும் என்று சொல்லவில்லை.
"புது வண்டி" என்றேன்.
அன்றிலிருந்து என் வண்டியைத்தான் கேட்கிறான்.

தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்.
ஒன்று, இரண்டு, மூ—
சீறி மறைந்தது. சரியான சூடு.
நிறுத்தினேன். சக்கரத்தை விரலால் தள்ளி
பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கினேன்.
உச்சியில் விட்டால்
ஆறும்போது சிலிண்டர் சுருங்கிக் கவ்விக்கொள்ளும்.
ஆறட்டும். இட்லி தின்றேன்.
மூன்றாவது டேங்க். மறுபடி ஆறட்டும்.
பையன்கள் சலித்து ஸ்டம்ப் நட்டார்கள்,
ஆறு ஓவர் முடித்து, சண்டை போட்டுக்கொண்டு
வீட்டுக்கும் போய்விட்டார்கள்.

ஐந்தாவது டேங்க். மணி ஒன்பதரை.
ஊசித் திருகை எட்டில் ஒரு பங்கு உள்ளே.
ஆற்றில் நான் மட்டும்.
போனைக் கல்லில் சாய்த்து ரெக்கார்டு போட்டு
விசையை முழுதாய் அழுத்தினேன்,
இரண்டே நொடி.

கார் இல்லை.
ஒரு கோடு புழுதி, அதன் நுனியில்
சீமைக்கருவேலப் புதர்.

அரை பர்லாங் நடந்தேன்.
முள்ளுக்குள் கவிழ்ந்து, அணைந்து,
டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.
கையைக் கிழித்துக்கொண்டு எடுத்தேன்.
முதலில் பிஸ்டனை இறக்கினேன்.
பிறகுதான் ரத்தத்தைத் துடைத்தேன்.

ரெக்கார்டில் பாதிக்கு மேல்
மேலே போன கூட்ஸ் ரயில்.
அதையே குபேந்திரனுக்கு அனுப்பினேன்.
காட்பாடி ரோடு திரும்புவதற்குள் பதில்:

மிக்சி மாதிரி இருக்கு மேடம்.
இன்னொரு வாட்டி ஓட்டுங்க.